ஒரே அளவில் விழும் தையல்: நாகர்கோவிலில் இருந்து ஒஸ்லோ வரை

நத்தார் பஸாருக்காக எங்கள் சபைப் பெண்கள் ஒரு குவில்ட் தைத்து வருகிறோம். சனிக்கிழமைகளில் ஆலயத்தின் கீழ் மண்டபத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சுற்றியிருந்து தைக்கிறோம். நோர்வேஜிய மொழியில் இதை லப்பெதெப்பெ என்பார்கள். துண்டுத் துணிகளைப் பொருத்திய போர்வை என்று சொல்லலாம். போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து கோப்பி குடிக்க வந்த தங்கை ஒருத்தி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அக்கா, மெஷினில அடிச்சா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடுமே?"

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் எங்களுடன் இருந்த வயதான அன்ரி ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் உடுவிலில் படித்தவர். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவி, "இது நீ. இது அவள். இது ஆரோ கோபத்தில தைச்சது" என்றார். கோபத்தில் தைத்தது நான்தான். கோபம் ஒன்றுமில்லை, இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்திருந்தேன். முதல் பத்துத் தையல் அரிசியளவு, அடுத்த பத்து நெல்லளவு, அதன்பின் நூலை இழுத்த இழுப்பில் துணியே சுருங்கிக் கிடந்தது.

அந்தத் தங்கைக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தையல் ஏன் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று பார்ப்போம். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, கீழே உள்துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது சாதாரண நூலோட்டத் தையல்தான். பழைய காலத்தில் நடுவில் வைத்தது கையால் சிக்கெடுத்த பருத்திப் பஞ்சு. தையல் வரிகள் தூரமாக இருந்தால் ஒரு தடவை தோய்த்ததும் பஞ்சு மூலைக்கு மூலை கட்டியாகிவிடும். போர்வையின் நடுப்பகுதி வெறும் துணியாகிக் குளிரும். தையல் ஓரிடத்தில் நீளமாகவும் தளர்வாகவும் இருந்தால் அங்கேதான் முதலில் நூல் அறும், கால் விரல் மாட்டும். ஓரிடத்தில் இறுக்கமாக இருந்தால் துணி சுருங்கும், நாளடைவில் நூல் துணியையே வெட்டும். அழகு என்பது பிறகு வருவது. இழுவையை எல்லாத் தையலும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்வதுதான் முதல் தேவை.

வேலைத்தலத்தில் காயத்தின் தையல் பிரிக்கும் போதும் நான் காண்பது இதையே. சம இடைவெளியில், சம இழுவையில் போட்ட தையலின் கீழ் தோல் தட்டையாக ஆறியிருக்கும். ஒன்று மட்டும் இறுகிய இடத்தில் அந்த நூலின் அடையாளம் தோலிலேயே பதிந்து நிற்கும். துணி முறைப்பாடு சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அளவு எப்படிக் கைக்கு வருகிறது? நீளமான ஊசியை எடுத்து ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் கண் புதிதாக அளவு பார்க்கவேண்டும், கண் களைத்துவிடும். குவில்ட் தைப்பவர்கள் பாவிப்பது பிட்வீன் என்ற குட்டை ஊசி. இலக்கம் கூடக்கூட ஊசி சிறிதாகும். பழகுபவர்களுக்கு எட்டு அல்லது ஒன்பதாம் இலக்கம் போதும். நடுவிரலில் திம்பிள் என்னும் உலோகத் தொப்பியைப் போட்டு, ஊசியின் பின்முனையை அதன் குழிக்குள் நிறுத்தி, ஊசியைத் தொட்டில் மாதிரி மேலும் கீழும் ஆட்டவேண்டும். கீழே இருக்கும் மற்றக் கையின் விரல் ஊசிமுனை தொட்ட கணத்தில் அதை மேலே தள்ளிவிடும். இப்படி மூன்று நான்கு தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே தடவையில் நூலை இழுப்பது. அளவைத் தீர்மானிப்பது இப்போது கண்ணல்ல, அந்த ஆட்டத்தின் தாளம். சட்டத்தில் துணியை மேளத்தோல் மாதிரி இறுக்கிவிட்டால் ஊசி ஆடாது, கொஞ்சம் தொய்வு வேண்டும். நூல் ஒரு முழத்துக்கு மேல் போனால் சிக்கும்.

கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்தில் பத்து, பன்னிரண்டு தையல் போடுவார்கள். அதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அங்குலத்துக்கு ஐந்தே விழட்டும், ஐந்தும் ஒன்றுபோல விழட்டும். சிறிதாக்குவது பிறகு தானாக வரும். இதை முதலில் சொல்லித் தராததால்தான் பலர் இரண்டாம் கிழமையோடு ஊசியை வைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தச் சீரான கை நம் தமிழ்ச் சபைகளின் சரித்திரத்தில் இடம்பிடித்த இடம் நாகர்கோவில். அங்கே செய்தது குவில்ட் அல்ல, ரேந்தை. தமிழ்நாட்டவர் லேஸ் என்பார்கள். நாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்லால் ரேந்தை என்கிறோம். தென் திருவிதாங்கூரில் 1806ஆம் ஆண்டு மயிலாடியில் ரிங்கல்தௌபே ஐயர் தொடங்கிய லண்டன் மிஷன் ஊழியத்துக்கு, 1819ஆம் ஆண்டின் கடைசியில் சார்ல்ஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா அம்மையார் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்தவர். அந்தப் பகுதியின் ஹொனிட்டன் என்ற ஊர் ரேந்தைக்குப் பேர்போனது. நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பாடசாலை நடத்திய அவர், 1821ஆம் ஆண்டு அங்கே ரேந்தை பின்னும் வேலையைத் தொடங்கினார்.

பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே தேவையில்லை என்று ஊர் சொன்ன காலம் அது. பாடசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அடிமைக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அடிமை என்பதை இங்கே உவமையாகச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் மனிதரை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்க, அடகு வைக்கச் சட்டம் இடங்கொடுத்தது. அது முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான்.

ரேந்தை பின்னுவதைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறுக்கமாக அடைத்த ஒரு தலையணையின் மேல், துளையிட்ட மாதிரித் தாளை விரித்துக் குத்துவார்கள். சிறு நூல்கட்டைகள் சோடி சோடியாகத் தொங்கும். ஒன்றின் மேல் ஒன்றை மாற்றி, முறுக்கி, ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி குத்தி நூலை நிறுத்துவார்கள். ஊசியால் போடும் தையல் இதில் இல்லை. ஆனால் சிக்கல் அதேதான்: எல்லாச் சோடிக்கும் ஒரே இழுவை. ஒரு கை தளர்ந்தால் பூவின் இதழ் வீங்கும், இறுகினால் கண்ணி மூடிக்கொள்ளும். மாதிரித் தாள் எங்கே போகவேண்டும் என்று காட்டும். எவ்வளவு இழுப்பது என்பதை அது காட்டாது, விரல்தான் படிக்கவேண்டும். வெள்ளை நூல் என்பதால் கையில் வியர்வை, மண், எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. அந்த ஊர் வெயிலில் அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்திலிருந்தவர்களும். ஒரு கவுணின் ஓரத்துக்கு இத்தனை யார் ரேந்தை வேண்டும் என்று கேட்பார்கள். தொடக்கமும் முடிவும் ஒரே அளவில் இல்லாவிட்டால் அது விலைபோகாது. ஆகவே அந்தப் பிள்ளைகளின் சீரான கை என்பது நேரடியாகக் காசு. வந்த பணம் பாடசாலைச் செலவுக்குப் போனது, பிள்ளைகளுக்குக் கூலியாகவும் போனது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை பெற்ற அடிமைப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தச் செய்தியை நான் முதலில் அறிந்தபோது சில நிமிடம் வேறொன்றும் ஓடவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி. தன்னை உடைமையாக வைத்திருப்பவனுக்குக் கொடுக்கவேண்டிய தொகையை அறிந்திருக்கிறாள். அதை யார் கணக்கில் பின்னுகிறாள். நூல்கட்டை ஒன்று தவறினால் அந்த அளவு பின்தங்குகிறாள்.

அதே வளவில் இன்னொரு ஊசி வேலையும் நடந்தது. நாடார் முதலிய சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேல் உடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அந்நாட்டில் இருந்தது. விசுவாசிகளான பெண்கள் தளர்வான ஒரு குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று, அப்போது ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்ரோ காலத்தில் அனுமதி கிடைத்தது. மிஷன் வளவுகளில் அவை தைக்கப்பட்டன. ஆனால் சந்தைக்குப் போன பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன, பாடசாலைகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. 1820களில் ஒருமுறை, 1858, 59இல் மறுபடியும். கடைசியில் 1859 ஜூலையில் மகாராசா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் மேற்சட்டை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுப்பதைப் போல உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ரேந்தையைப் பற்றிப் பேசுபவர்கள் குப்பாயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரே கைகள் செய்தவை இரண்டும். சீமைக் கவுணுக்கு அழகு பின்னிய பெண்ணுக்குத் தன் தோளை மூடத் தெருவில் அடிவாங்கவேண்டியிருந்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே 1822இல் பிறந்தவர், தமிழைப் பிறந்த மொழி போலப் பேசியவர். 1844இல் அவர் ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலித் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். நூலாசிரியர் பெயர் நம் எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி அந்தச் செம்மண் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தி, தாயிடம் கற்ற ரேந்தை வேலையை அங்கும் நட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. இடையன்குடி ரேந்தை பின்னர் தனிப் பெயர் பெற்றது. பாடசாலையை விட்டுக் கலியாணம் செய்து போன பெண்கள் வீட்டுத் திண்ணையில் தலையணையை வைத்துத் தொடர்ந்து பின்னினார்கள். மழை பொய்த்த வருடங்களில் பனையேறும் குடும்பங்களுக்கு அந்தக் காசு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

மார்த்தா, எலைசா என்ற பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. ரேந்தை பின்னிய தமிழ்ப் பெண்களின் பெயர்கள் கிடைப்பதில்லை. இதற்கு மிஷன் அறிக்கைகளை எழுதியவர்களின் பழக்கம் ஒரு காரணம். வேலையின் தன்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நல்ல ரேந்தை என்றாலே இன்னார் கை என்று தெரியக்கூடாது. பத்துப் பேர் பின்னியதை ஒன்றாக இணைத்தால் ஒருவர் பின்னியது போல இருக்கவேண்டும். எங்கள் அன்ரி துணியைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தாரே, அந்த அடையாளத்தைத்தான் அவர்கள் வருடக்கணக்காகப் பழகி அழித்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சுலோ அம்மையார் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தவர். அகராதி தந்த வின்சுலோ ஐயரின் மனைவி; 1833இல் முப்பத்தாறு வயதில் காலமானார். அவர் பிறந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் பெண்பிள்ளைகள் வாசிக்கப் பழகும் வயதிலேயே துண்டுத்துணி பொருத்தப் பழகினார்கள். ஒருத்தி வீட்டில் சட்டத்தைப் போட்டு அயலவர் எல்லாரும் சுற்றியிருந்து குவில்ட் தைப்பது அந்த ஊர்களின் வழக்கம். உடுவிலிலும் வாசிப்போடும் வேதபாடத்தோடும் ஊசி வேலை கற்பிக்கப்பட்டது. 1840இல் வந்து 1879 வரை அந்தப் பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ அம்மையாரிடம் பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறை படித்தது. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும் பழக்கம் அன்ரிக்கு எத்தனையாவது கையாக வந்ததோ!

இதெல்லாம் வெள்ளைக்கார அம்மாமார் நமக்குக் கற்பித்த கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அதே காலத்தில் நாங்கள் இப்போது வாழும் இந்த நாட்டின் பெண்களுக்கும் ஊசிதான் வாசல். தென் நோர்வேயின் லிங்டால் என்ற ஊரில் 1840ஆம் ஆண்டு போதகரின் மனைவி குஸ்தாவா ஷெல்லான் அயல் பெண்களைக் கூட்டி மிஷனுக்காகக் கைவேலை செய்யும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். நத்தாருக்கு இந்நாட்டுப் பிள்ளைகள் பாடும் பாட்டு ஒன்றையும் எழுதியவர் அவர். இரண்டு வருடம் கழித்து ஸ்தவாங்கரில் நோர்வேஜிய மிஷனரிச் சங்கம் உருவானது. அதன்பின் ஊருக்கு ஊர் பெண்கள் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஒருத்தி வேதத்தையோ மிஷனரியின் கடிதத்தையோ வாசிப்பார், மற்றவர்கள் பின்னுவார்கள், தைப்பார்கள். விற்ற காசு சூலுநாட்டுக்கும் மடகஸ்காருக்கும் போனது.

பணம் பெண்களுடையது, எங்கே செலவழிப்பது என்ற வாக்கு ஆண்களுடையது. இது அறுபது வருடம் நடந்தது. 1904இல் அந்த மிஷனரிச் சங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நோர்வே நாடு எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது 1913இல், அதாவது ஒன்பது வருடம் பிந்தி. நம் ஆலயத்தில் நத்தார் பஸார் மேசையைக் காணும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டில் அது வெறும் கேக் விற்பனையாகத் தொடங்கியதல்ல.

இனிக் குவில்டுக்கே திரும்பி ஒரு கதை. அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் கீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. 1960களில் வாக்காளராகப் பதிந்ததற்காக அந்தப் பகுதிக் குத்தகைக் குடும்பங்கள் பல வீடு இழந்தன. பிரான்சிஸ் வால்டர் என்ற போதகர் ஒரு கொடியில் காய்ந்த குவில்டுகளைக் கண்டு, இவற்றை விற்றுத் தரலாமே என்று நினைத்தார். 1966இல் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நியூயோர்க்கின் பெரிய கடைகள் வாங்கின. ஆனால் கடைக்காரர் கேட்டது ஒரே மாதிரியானவை: ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தையல். அந்தப் பெண்களோ வீட்டில் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து மனம்போன போக்கில் பொருத்திப் பழகியவர்கள். கூலிக்காக அவர்கள் அளவுக்குத் தைக்கப் பழகினார்கள். 1970களில் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய் தலையணை உறைகள் தைத்தபோது, மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் மனம்போலக் குவில்டுகள் செய்தார்கள். 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டப்பட்டு உலகம் வியந்தவை, அளவுக்கு அடங்காத அந்த வீட்டுக் குவில்டுகள்தான்.

அப்படியானால் அளவு வேண்டாமா என்று அந்தத் தங்கை மறுபடியும் கேட்பாள். துண்டுகளின் வடிவமும் நிறமும் எப்படியும் இருக்கட்டும், மூன்று அடுக்கையும் பிடிக்கும் தையல் சீராக இருக்கட்டும் என்பேன். கீஸ் பெண்ட் பெண்களும் பஞ்சு கட்டியாகும் போர்வையைப் பிள்ளைகளுக்குப் போர்த்தவில்லை. மெஷினில் அடித்தால் என்ன என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் உண்டு. மெஷின் உறுதியாகத்தான் தைக்கும். அவசரத்துக்கு அதுவே நல்லது. ஆனால் மெஷினைச் சுற்றிப் பத்துப்பேர் இருந்து கதைக்க முடியாது. கை வேலைக்கு விலையும் கூட.

என் கோபத் தையலை அன்ரி பிரிக்கச் சொன்னார். சுருங்கிய இடம் மட்டும், ஏறக்குறைய இரண்டு சாண். நெல்லளவுத் தையல்களை விட்டுவிடலாம் என்றார், அவை பிடித்துக்கொண்டுதான் இருந்தன. பிரிக்கும்போது நூலை இழுக்காமல் ஒவ்வொரு மூன்றாவது தையலையும் வெட்டி எடுக்கவேண்டும் என்றும் காட்டித் தந்தார். காயத் தையல் எத்தனையோ பிரித்திருக்கிறேன், துணியில் இதை இப்போதுதான் கற்றேன்.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியது அவள் செய்த உடுப்புகளை. அவள் பெயர் வேதத்தில் இருக்கிறது, ஆனால் அவளோடிருந்த விதவைகளின் பெயர்கள் இல்லை. எங்கள் குவில்டின் பின்பக்க மூலையில் உள்ளங்கையளவு வெள்ளைத் துணி ஒன்று தைத்திருக்கிறோம். அதில் இந்த வருடத்தையும், ஊசி பிடித்த ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் நூலால் எழுதப் போகிறோம். இப்போதைக்குப் பதினொரு பெயர். இன்னும் நான்கைந்து பேருக்கு இடமிருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வாருங்கள். ஒன்பதாம் இலக்க ஊசி எங்களிடம் உண்டு. திம்பிள் மட்டும் உங்கள் விரலுக்கு அளவானதாக நீங்களே கொண்டுவரவேண்டும்.